சுரண்டாத வரி

ஆட்ரி கெரிட்ஜ் போன வசந்தத்தில் செத்துப்போனாள். அவளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் பிடிவாதத்தைத்தான் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டில் பீர் காய்ச்சி விற்கிறவள். மற்றவர்கள் அந்தப் பிடிவாதத்தைக் கேள்விப்பட்டார்கள், நான் அனுபவித்தேன். சஃபோக்கில் கம்பளி நூற்றுப் பிழைத்த எத்தனையோ விதவைகளில் அவளும் ஒருத்தி. ஆனால் வேறு எந்த நூற்பவள் வீட்டிலும் இல்லாத ஒன்று அவள் பெட்டியில் இருந்தது. அது ஒரு பழைய ஜெபப்புத்தகம்.

அது ஏதோ ஒரு பிரபுவின் மனைவிக்காக எழுதப்பட்டது. முதல் தாளில் அந்தக் குடும்பச் சின்னமாக நீலக் கேடயமும் மூன்று வெள்ளைக் குருவிகளும் இருந்தன. அந்தக் குடும்பம் நொடித்து, புத்தகம் நார்விச் கம்பளி வியாபாரி ஒருவன் கைக்குப் போனது. அவன் குருவிகளின் மேலேயே சாயம் பூசி, தன் மூட்டைகளில் போடும் குறியை வரைய வைத்தான். புதுப் பணக்காரன் புத்தி! அவன் மகளிடம் வேலை பார்த்த பெண்ணுக்கு அது உயிலில் கிடைத்து, அவள் வழியாக ஆட்ரியின் புருஷன் எட்மண்டுக்கு வந்து சேர்ந்தது. வைத்திருந்த எல்லோரும் தங்கள் பெயரை எழுதி, இதைத் திருடுகிறவன் தூக்கில் தொங்கட்டும் என்று சாபமும் எழுதியிருந்தார்கள். ஓரமெல்லாம் தங்கக் கொடிகள். ஒரு கொடியில் முயல் ஒன்று நாய்மேல் ஏறிச் சவாரி போகும். ஜெபத்துக்கு நடுவே இது எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் பார்த்தால் சிரிப்பு வரும்.

புத்தகத்தின் முன்பகுதியில் திருநாள் அட்டவணை. புத்தகம் உள்ள வீடுகளில் பிறப்பு இறப்பை அதில்தான் குறித்து வைப்போம். டிசம்பர் பக்கத்தில், கான்டர்பரி தாமஸின் பெயர் தங்க எழுத்தில் மின்னும் இடத்துக்கு நேராக, எட்மண்ட் எழுதியிருந்தான்: "ஹென்றி அரசரின் பதினான்காம் ஆண்டு, புனித தாமஸ் மறைசாட்சியின் திருநாளில் என் மகள் தாமசின் பிறந்தாள்."

எட்மண்ட் சாகும்போது நிலத்தை மகளுக்கு எழுதிவைத்தான். அவளுக்குப் பதினாறு முடிந்ததும் நிலம் அவள் கைக்கு வரும், கல்யாணமும் அவள் இஷ்டம். அதுவரை இரண்டுக்கும் பொறுப்பு அவன் தம்பி பார்னபி. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்ததும் தாமசினுக்குப் பதினாறு முடிகிறது என்று தெரிந்தே, "குழந்தைக்குப் பதினாலுதான் ஆகுது" என்று பார்னபி ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினான். இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்துவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருந்த தன் மைத்துனனுக்கே அவளைப் பேசி முடித்தான். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரும் ஞானத்தாயும் உயிரோடு இல்லை. கோயிலில் பிறப்பைப் பதிந்து வைக்கும் வழக்கமும் அவள் பிறந்தபோது கிடையாது. புத்தகத்தை விட்டால் அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசாணை வந்தது. கான்டர்பரி தாமஸ் இனிப் புனிதர் அல்ல, அரசனை எதிர்த்த துரோகி. எல்லாப் புத்தகத்திலும் அவர் பெயரைச் சுரண்டி எடுக்க வேண்டும், எடுக்காதவருக்குச் சிறை. முந்நூறு வருஷத்துக்கு மேல் கல்லறையில் கிடந்தவர் எப்படித் துரோகி ஆனார் என்று நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் தலை ஒன்றுதானே.

எங்கள் பங்குச் சாமியார் கோயில் புத்தகங்களையெல்லாம் கத்தியால் வழித்துவிட்டு ஆட்ரி வீட்டுக்கு வந்தார். நானும் கூடப் போனேன்.

"மகளே, உன் புத்தகத்தையும் சுரண்டிடும்மா. நானே செஞ்சு தரட்டுமா?" என்றார்.

"வேணாம் சாமி. நானே செஞ்சுக்கிறேன்."

செய்தாள். நான்கு வீரர்கள் பீடத்தின் முன்னால் ஆயர் தாமஸை வெட்டும் படம் ஒன்று இருந்தது. அதில் ஆயரின் முகத்தை வழித்தாள். அட்டவணையில் தங்கப் பெயரையும் வழித்தாள். எட்மண்டின் வரிக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்டி நிறுத்திட்ட?" என்றேன்.

"அக்கா, திருநாள் பேரை எடுத்துட்டா பொறந்த நாள் எங்க இருக்கும்? நானே அழிச்சு எழுதினேன்னு பார்னபி சொல்லுவான்."

"விட்டுவச்சா உன்னைப் பிடிச்சுட்டுப் போவாங்களேடி! அந்தப் புள்ளைக்கு அப்புறம் யாரு இருக்கா?"

அவள் புத்தகத்தை மூடினாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோன பீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரியில், ஊர் நில வழக்குகளைத் தீர்க்கும் பண்ணை மன்றம் கூடியது. மேசைக்குப் பின்னால் காரியஸ்தர் ஃபுல்ச்சர், பெஞ்சுகளில் ஊரார் பன்னிரண்டு பேர். குளிரில் எல்லோர் வாயிலும் புகை. தாமசின் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"பொண்ணோட வயசுக்கு சாட்சி இருக்காம்மா?" என்று காரியஸ்தர் கேட்டார்.

ஆட்ரி வாயே திறக்கவில்லை. பார்னபிக்கு அது போதவில்லை. ஜெயித்தவன் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அவனோ எழுந்தான்.

"சாட்சி இருக்குதுய்யா, ஆனா காட்ட மாட்டாங்க. ஏன்னா அந்தப் புத்தகத்துல துரோகி பேரு இன்னும் அப்படியே இருக்கு. மேலங்கிக்குள்ளதான் வச்சிருக்காங்க, பாருங்க. எடுங்க அண்ணி!"

ஆட்ரி புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். காரியஸ்தர் புரட்டினார். டிசம்பர் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"அரசாணை உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும்யா. என் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் சுரண்டிட்டேன். இது எந்தக் காலத்துல யார் எழுதினதோ? எத்தனை கை மாறி வந்த புத்தகம்! ஹென்றி அரசர்னு மட்டும்தான் போட்டிருக்கு. நம்ம நாட்டுல ஹென்றிக்கா பஞ்சம்? அந்த நார்விச்காரனுக்கும் தாமசின்னு ஒரு மக இருந்திருப்பா."

ஐயோ, இருக்கிற ஒரே சாட்சியையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாளே என்று எனக்குத் தலை சுற்றியது. தாமசின், "அம்மா!" என்று கத்தியேவிட்டாள்.

பார்னபி சிரித்தான். "பொய்! அப்பட்டமான பொய்! தப்பிச்சுக்கப் பாக்கறாங்கய்யா. இது என் அண்ணன் கையெழுத்து. எனக்குத் தெரியாதா?"

"நீ பாத்தியா தம்பி, அவரு எழுதினதை?" என்றாள் ஆட்ரி, மெதுவாக.

"பாத்தேனாவா? பக்கத்துலயே நின்னேன்! மை கரைச்சுக் கொடுத்ததே நான்தான். ஞானஸ்நானம் முடிஞ்சு வந்த அன்னைக்கு, இந்த ஹென்றி மகாராஜாவோட பதினாலாம் வருஷம். சத்தியம் வேணும்னாலும் பண்றேன்!"

"பண்ணு," என்றார் காரியஸ்தர்.

பார்னபி பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். பெஞ்சில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். கறிக்கடை வில்மட் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிப்பதற்குள் பார்னபியின் முகம் வெளுத்துவிட்டது.

"இது மகாராஜாவோட முப்பதாம் வருஷம். பதினாறு முடிஞ்சிருக்குதுய்யா," என்றார் வில்மட். மற்றவர்கள் தலையாட்டினார்கள். காரியஸ்தர் அதை எழுத வைத்தார். தாமசினைப் பார்த்து, "உனக்கு அந்த மாப்பிள்ளை வேணுமாம்மா?" என்று கேட்டார்.

"அவரு வேணாம்யா. யாருமே இப்ப வேணாம்," என்றாள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

திட்டம் போட்டுத்தான் பேசினாயா என்று பின்னால் அவளிடம் கேட்டிருக்கிறேன். "கொஞ்சம் திட்டம், மிச்சமெல்லாம் பயம்," என்றாள்.

ஆனால் காரியஸ்தர் அத்தோடு விடவில்லை. விட்டால் அவர் வேலை போய்விடும். பேனா சீவும் கத்தியை மேசைமேல் ஆட்ரி பக்கம் தள்ளினார்.

"சாட்சி பதிஞ்சாச்சு. இனிமே அந்த வரி இருக்கக் கூடாது. முழுசா எடுத்துடு. இங்கேயே, என் கண்ணு முன்னாடி. எடுத்தா உன்மேல வழக்கு இல்ல."

தாமசின் ஓடிப்போய்க் கத்தியை வாங்கப் பார்த்தாள். "நான் சுரண்டறேன்மா. நீ விடு."

"தள்ளிப் போடி," என்றாள் ஆட்ரி.

அவளே கத்தியை எடுத்தாள். எட்மண்ட் எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரிந்தவன் இல்லை. உலகத்தில் அவன் எழுத்து வேறெங்கும் கிடையாது. ஒவ்வோர் எழுத்தாக அவள் வழித்தாள். அவசரப்படவில்லை. காரியஸ்தரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அந்தத் தோல் தாள் வெறுமையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கு நடுவில், புருஷன் செத்த அன்றுகூட அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.