அத்தானின் விரலில் ஒரு விருந்து

நயினாதீவுக் கோவிலில் கொடி ஏறினால், வேலணையில் எங்கள் வீட்டு மீன்சட்டி பரணுக்கு ஏறும். அக்காவின் சட்டம் அது. அந்த வருடம் சட்டி ஏறியபோது அத்தானின் கால் பெருவிரல் நீரிழிவில் கறுத்துக் கிடந்தது. கறுத்த சதை கழலாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லியிருந்தார்.

புண்ணுக்குப் போட்ட கட்டுக்குள் அவிகிறதென்று அத்தான் அதை அவிழ்த்துவிட்டு, காலைக் கதிரையில் நீட்டி, வேம்பின் கீழ் நித்திரையானார். வேலிக்கு அப்பால் மீன்பிடிக்கிற அயலவர் பாய் நிறைய மீன் காயப்போட்டிருந்தார். பச்சை இலையான்கள், வெயிலை உடுத்திய சின்னச் சீமாட்டி ஈக்கள், அத்தனை மீனையும் தாண்டி வந்து அத்தானின் விரலில் முட்டையிட்டன. எழும்பியவர் ஒன்றும் அறியாமல் கட்டைச் சுற்றிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்து, நெளிந்த புழுக்களைக் கண்ட அக்கா போட்ட சத்தத்தில் அயலவர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, என்ர மீனில இல்லாத ருசி உங்கட விரலில என்னத்தைக் கண்டதுகள்?"

"கொடியேறின வீட்டில மச்ச மாமிசமா!" அக்கா தலையில் கைவைத்தாள்.

"நான் எங்கையப்பா மச்சம் திண்டனான்? என்னையெல்லோ திண்டதுகள்!"

ஆசுபத்திரிக்கு நானும் போனேன். டொக்டர் குனிந்து பார்த்தார். முகக்கவசத்துக்குள் சிரிப்பு அசைந்தது.

"இதுகள் எச்சிலை விட்டுச் செத்த சதையைக் கரைச்சு, கூழ் மாதிரி உறிஞ்சுதுகள் ஐயா. மூச்சு பின்பக்கத்தால. தலையைக் கூழுக்குள்ளயே வைச்சிருக்கலாம்."

"நல்ல வசதி," என்றார் அத்தான், பொறாமையோடு.

புழுக்களைக் கழுவி எடுத்தபோது அடியில் சதை இளஞ்சிவப்பாய் இருந்தது, பிறந்த பிள்ளையின் உள்ளங்கால்போல.

"விரலை எடுக்கத் தேவையில்லை. ஆனா வீட்டில இனி இந்த வைத்தியம் வேண்டாம். வெளிநாட்டில கிருமியில்லாமல் வளர்த்த புழுவைத்தான் புண்ணில விடுறவை. ஊர் இலையான் கிருமியையும் காவிக்கொண்டு வரும். உயிர்ச்சதை தின்னுற சாதியும் இருக்கு."

தேரன்று அன்னதான மடத்தில் அத்தான் கட்டுப்போட்ட காலை நீட்டி அமர்ந்தார். விரல் இருந்தது. அக்காவின் இலையில் ஒரு பச்சை இலையான் வந்து குந்தியது.

"விடுமப்பா, எங்கட டொக்டர் வந்திருக்கிறார். ஒரு பருக்கை வையும்."

அக்கா விசிறியை ஓங்கினாள்.

"உங்கட விரல் வேற, என்ர சோறு வேற!"