கூட்டத்தில் வாய் திறக்காதவர்

பினாங்கில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, எங்கள் துறையின் நீர்ப் பரிசோதனைக் கருவியை முழுதாக அறிந்தவர் ஒருவர்தான். என்னைவிட மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். சிரித்துப் பேசத் தெரியாதவர். ஒரு கூட்டத்தில் அவர் அந்தக் கருவியைப் பற்றி விளக்க ஆரம்பித்ததும் துறைத் தலைவி இடைமறித்தார்.

"சுருக்கமா சொல்லுங்க லா, எல்லாருக்கும் கிளாஸ் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும், "மேனுவல்ல இருக்கு" என்பதுதான் பதில்.

அப்போதுதான் பாலிக் புலாவ் பக்கம், ஆற்று முகத்துவாரத்தில் மீனவர்கள் கூண்டு கட்டி வளர்த்த மீன்கள் செத்து மிதந்தன. அங்கிருந்து நீர் எடுத்து வந்தேன். கருவி ஒரே நீருக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் காட்டியது. மாதிரிகள் கெடுவதற்குள் அளந்தாக வேண்டும். மிச்ச மீன்களைக் காப்பாற்ற வழி தெரியாமல் மீனவர்கள் எனக்குப் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

எனக்கு உதவச் சொல்லி, துறையில் எல்லோருக்கும் நகல் போட்டு, தலைவி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் இல்லை.

"திமிரு. விட்டுடுங்க," என்றார் தலைவி.

என்னால் விட முடியவில்லை. அண்ணனின் அறைக் கதவைத் தட்டினேன்.

"மேனுவல்ல இருக்கு."

"படிச்சிட்டேன் அண்ணே. நான் செஞ்சத சொல்றேன். எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க."

சொதப்பிய இடங்களையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் எழப் போனேன்.

"கடல் தண்ணி கலந்திருக்கும். உப்பு ஜாஸ்தி. அப்படியே ஊத்துனா மெஷின் குழம்பும்," என்றார். "அன்னிக்கு மீட்டிங்ல அதத்தான் சொல்ல வந்தேன்."

ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மாதிரியில் எவ்வளவு சுத்த நீர் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும் என்று காட்டினார். எண்கள் நிலைக்கத் தொடங்கிய நேரத்தில் தலைவி உள்ளே வந்தார்.

"நான் கேட்டா வரமாட்டீங்க. இப்ப மட்டும் வந்துட்டீங்க?"

அண்ணன் கையுறையைக் கழற்றினார். பாதி மாதிரிகள் இன்னும் மிச்சம். நான் தலைவி பக்கம் திரும்பினேன்.

"டாக்டர், நீங்களும் உக்காருங்க. அண்ணே எனக்கு விளக்கிக்கிட்டு இருக்காரு. இது நம்ம எல்லாருக்கும் தெரியணும்."

தலைவி என்னை முறைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். நீளமாகத்தான் விளக்கினார். யாரும் குறுக்கிடவில்லை.

நீரில் அமோனியா அளவுக்கு மீறி ஏறியிருந்தது. அன்று மாலையே மீனவர்களுக்குச் சொன்னேன். மிச்சக் கூண்டுகளை இடம் மாற்றினார்கள்.

அண்ணனும் தலைவியும் இன்றும் சகஜமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் புதிதாகச் சேருகிறவர்களை, "முதல்ல அவர போய் பாருங்க," என்று அனுப்புவது தலைவிதான்.