தெருவே படம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் தெரு மொத்தமும் அந்தக் கூடத்தில் கிடக்கும். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

அப்பா போன பிறகு அம்மா இரண்டு மாடுகளை வைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்குச் சற்று மேலே மின்கம்பி ஒன்று தொய்ந்து தொங்கியது. அம்மா மின்சார ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒருவழியாக லைன்மேன் ஏணியோடு வந்து சேர்ந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் தொடங்கிய நேரத்தில்.

“தெரு முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினாத்தான் கை வெக்க முடியும். இருட்டறதுக்குள்ள முடிச்சிடுவேன்” என்றார்.

டிவி வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். “இப்பவா? எத்தினி பேரு ஆசையா உக்காந்துக்கினு இருக்காங்க பாரு. நாளைக்கு வாப்பா.”

“காலைல எனக்குத் திண்டிவனத்துல வேலைங்க. மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும்.”

“அப்பவே வா. ஒரு ராத்திரிதானே?” அம்மா பக்கம் திரும்பினார். “ஏம்மா, உன் ஒருத்திக்காக இத்தினி பேரு சந்தோஷத்தைக் கெடுக்கணுமா?”

“என் தலைமேல தொங்குதுங்க அது” என்றாள் அம்மா.

ஜன்னலில் நின்றவர்கள் அவளையே முறைத்தார்கள். “வாரம் பூரா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தோம்” என்றாள் ஒருத்தி. நான் கத்தினேன். படிக்கிற பெண் இப்படிக் கத்தலாமா என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். லைன்மேன் கூட்டத்தைப் பார்த்தார், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அடித்த காற்றிலும் மழையிலும் அந்தக் கம்பி அறுந்து தகரக் கூரைமேல் விழுந்திருந்தது. விடியலில் பால் கறக்கப் போன அம்மா கொட்டகையின் இரும்புத் தூணைத் தொட்டிருக்கிறாள். அலறல் கேட்டு ஓடினேன். கை தூணோடு ஒட்டியிருந்தது. மரப்பலகையால் அடித்துத் தள்ளினேன். ஒரு மாடு செத்துக் கிடந்தது. அம்மா பிழைத்தாள். ஆனால் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கை விரல்களை எடுத்துவிட்டார்கள்.

டிவி வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். “உங்க நேரம் சரியில்ல. அவ்ளோ பேரு இருந்தாங்க, நான் என்னம்மா பண்றது?”

“காரணம் நேரம் இல்லைங்க, நீங்கதான்” என்றேன். பழங்களை அவர் கையிலேயே திணித்தேன்.

இன்றும் அந்தக் கணக்கை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை பேரின் ஏமாற்றத்தையும் ஒன்றாக மூட்டை கட்டி அம்மாவின் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். அந்த மூட்டையை அவர்களில் யார் சுமக்க வேண்டியிருந்தது? ஆளுக்கு அரைப் படம் போயிருக்கும். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் போயிருக்காது. எத்தனை ஆயிரம் அரைப் படங்களைக் கூட்டினாலும் அது ஒரு கைக்கு ஈடாகாது. கூட்டிப் பார்க்க அங்கே எதுவுமே இல்லை.

அடுத்த ஞாயிறும் படம் போட்டார்கள். சிரிப்புச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

மிச்சமிருந்த மாட்டை நான் கறக்கப் பழகினேன். டிவி வீட்டுக்குப் பால் ஊற்ற மாட்டேன் என்றேன். “பாவம், சின்னக் குழந்தைங்க இருக்குது, ஊத்திடுடி” என்றாள் அம்மா. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.