நிறையக் கதை இருக்கிறது

இதை எழுதுவோமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எழுத்து எனக்கு வராது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள். உண்மையான காரணம் வெட்கம். போன வாரம் அலுமாரியைத் துடைக்கும்போது மகளின் மூன்றாம் வகுப்புக் கொப்பி ஒன்று கைக்கு வந்தது. மட்டையின் ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ரீச்சர் சிவப்பு மையில் எழுதிய வரி மட்டும் மங்கவே இல்லை: "இந்தப் பிள்ளையிடம் நிறையக் கதை இருக்கிறது. வீட்டில் நன்றாகக் கவனிக்கவும்." அதன் கீழே என் ஒப்பம். ஒப்பத்துக்குப் பக்கத்தில் நானே எழுதிய ஒரு சொல்: "கவனித்தேன்." அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கிண்ணியாவில் கதை என்றால் பேச்சு. ஒருத்திக்குக் கதை கூட என்றால் அவள் வாய்க்காரி. "இரு, உன்னைக் கவனிக்கிறன்" என்றால் அடி விழப்போகிறது என்று பொருள். மகளுக்கு அப்போது எட்டு வயது. வாய் திறந்தால் மூடமாட்டாள். கிண்ணியாப் பாலம் பகலெல்லாம் வாகனம் சுமந்து களைத்து, இரவில் காலை நீட்டிப் படுக்கிறதாம். சீனன்குடாவில் எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கிகள் எல்லாம் ஒரு ராட்சதன் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்த தேத்தண்ணிக் கோப்பைகளாம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் கண்ணால் கண்டவள் போலச் சொல்லுவாள். பக்கத்து வீட்டில் நான் மச்சி என்று கூப்பிடுகிற பெண் ஒருநாள் கேட்டே விட்டார்: "உன்ட மகளுக்கு வாயா, ரேடியோவா? நிப்பாட்டுற கட்டை எங்க இருக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

பொய் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். மகளைப் பிடித்து இருத்தி, "ரெண்டு தோள்லயும் மலக்குமார், அல்லாஹ்ட வானவங்க, இருந்து நீ சொல்றதெல்லாம் எழுதுறாங்க, தெரியுமா?" என்றேன். அவள் தன் தோள்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அவங்களுக்கும் கதை விருப்பமா உம்மா?" இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பயந்துபோனேன். இந்தப் பிள்ளை எங்கே போய் நிற்குமோ என்றுதான் நினைத்தேன்.

ரீச்சர் உப்புவெளியில் இருந்து இரண்டு பஸ் ஏறி வருகிற சின்ன வயதுப் பிள்ளை; அதுதான் அவருக்கு முதல் நியமனம். நெற்றியில் சின்னதாகத் திருநீறு, தோளில் பெரிய பை. நோன்பு மாதத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார் என்று மகள் வந்து சொல்லுவாள். வகுப்பில் எல்லாருக்கும் பாடக் கொப்பியை விட ஒரு கொப்பி கூடுதலாகக் கொடுத்திருந்தார். அதில் நினைத்ததை எழுதலாம். எழுத்துப் பிழைக்குக் கோடு போடமாட்டார். மாதத்தில் ஒருமுறை அது ஒப்பத்துக்கு வீட்டுக்கு வரும்.

அப்படி வந்த ஒருநாள்தான் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தேன். மச்சி சொன்னது போதாதென்று பள்ளிக்கூடத்தில் இருந்தும் முறைப்பாடு வந்துவிட்டது என்று எனக்குள் கொதித்தது. குசினியில் நின்ற நிலையில், கையில் இருந்த அகப்பைக் காம்பால் மகளின் உள்ளங்கையில் இரண்டு அடி அடித்தேன். வலது கை. அது எழுதுகிற கை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "இனி இந்த வீட்டில கதை இல்ல" என்றேன். கவனித்தேன் என்று எழுதி ஒப்பம் வைத்தேன். ரீச்சர் பார்த்த பிறகு அந்தக் கொப்பியை வாங்கி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

மகள் அடங்கிவிட்டாள். கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான். "புள்ள நல்லாத் திருந்திட்டு" என்று மச்சி சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் போனது. மீன் வியாபாரம் முடித்து வருகிற அவளுடைய வாப்பாதான் முதலில் கேட்டார்: "வீட்டில ஆரும் இல்லாத மாதிரி இருக்கே. புள்ளைக்குச் சுகமில்லையா?" எனக்கும் அந்த அமைதி அதற்குள் கனக்கத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் போன பிறகு ரீச்சர் என்னை இருக்கச் சொன்னார்.

"அக்கா, பிள்ளை ஏன் எழுதுறதை நிப்பாட்டிட்டா? அந்தக் கொப்பியும் வரேல்ல. கேட்டாத் தலையைக் குனியிறா."

"நீங்கதானே ரீச்சர் எழுதி அனுப்பினீங்க, கதை கூட எண்டு? நான் நல்லாக் கவனிச்சிட்டன்."

ரீச்சர் விளங்காமல் பார்த்தார். "ஓம், கவனிச்சேன் எண்டு எழுதியிருந்தீங்க. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டனான்" என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அக்கா, எப்படிக் கவனிச்சனீங்க?"

சொன்னேன். அவர் பிள்ளைகள் இருக்கிற சின்ன வாங்குப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவருடைய கண் கலங்கியது. "பிழை என்னிலதான். வகுப்பில இவளைப் போல ஒரு கற்பனை ஒருத்தருக்கும் இல்லை எண்டு விளக்கமா எழுதியிருக்கோணும்."

"அதெல்லாம் பொய்தானே ரீச்சர்? பாவம் இல்லையா?"

"பொய் எண்டா ஆளை ஏமாத்துறது. இவள் ஆரை ஏமாத்தினவள்? பாலம் நித்திரை எண்டு நம்பி, நீங்க தோணி பிடிச்சோ ஊருக்குப் போனீங்கள்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அன்று அஸர் தொழுதுவிட்டுக் கொப்பியை இறக்கித் தூசி தட்டி மகளிடம் கொடுத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் உம்மா. நான் இப்ப கதைக்கிறல்ல" என்றாள். நல்ல பிள்ளை என்று காட்டத்தான் அப்படிச் சொன்னாள். அடித்த நாளில்கூட எனக்கு அவ்வளவு நோகவில்லை. அல்லாஹ்விடம் கேட்டால் மன்னிப்பான். ஆனால் அவனுடைய அடியாருக்குச் செய்த பிழையை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும் என்று ஓதித் தந்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது? எனக்குத் தெரியவில்லை. ரீச்சரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க ஒரு கதை சொல்லுங்கோவன்" என்றார். எனக்கா கதை? விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்: "அந்த ராட்சதன் இருக்கானே, அவன் ஒருநாள் தேத்தண்ணி ஊத்தினானாம். ரெண்டு மூடை சீனி போட்டானாம்." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். மகள் வெங்காயத்தை விட்டு நிமிரவில்லை. பிறகு, தாங்கமுடியாமல், "அப்படியில்ல உம்மா" என்றாள். "அவருக்குச் சீனி வருத்தம். சீனி போட ஏலா. அதான் மூடையோட கடல்ல கொட்டிட்டார். அதாலதான் அது சீனன்குடா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மீன் கையோடு அவளைக் கட்டிப்பிடித்து, "உம்மா அடிச்சது பிழை மகள்" என்றேன். "நாறுது உம்மா, விடுங்க" என்று திமிறிக்கொண்டு போனாள். நேரே போய்க் கொப்பியை எடுத்தாள். நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்கு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

ரீச்சர் மூன்று வருடத்தில் இடமாற்றம் கிடைத்துப் போனார். மகள் இப்போது குறிஞ்சாக்கேணியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதுகிறாள். புதிதாக எதை எழுதினாலும் முதலில் ரீச்சருக்குத்தான் ஃபோனில் வாசித்துக் காட்டுவாள். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதை எழுதி முடித்து மகளிடம் கொடுத்தேன். வாசித்து முடிய, கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அது எனக்கு மறந்தே போச்சு உம்மா. சீனிதான் ஞாபகம்" என்றாள். பிறகு பேனையை எடுத்து, "பிழையைத் திருத்தவா?" என்று கேட்டாள்.

"எழுத்துப் பிழையை மட்டும் திருத்து. மற்றப் பிழை இருக்கட்டும்" என்றேன்.

வாசிக்கிற உங்களிடமும் கேட்பது அதுதான். பிள்ளை வளர்க்கிற யாருக்காவது இதைச் சொல்லுவதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் என்னை நல்லவளாக்க வேண்டாம், அடியை ஒன்றாகக் குறைக்கவும் வேண்டாம். ராட்சதன் கதையில் எதையும் கூட்டலாம். இதில் எதையும் மாற்றாதீர்கள். கொப்பியை மறுபடியும் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன், இந்த முறை கைக்கு எட்டுகிற தட்டில். "கவனித்தேன்" என்று நான் எழுதியதை அழிக்கவில்லை.