புளி தட்டும் சத்தத்தில் விழித்திருந்த குழந்தை

போன வருடம் மாசி மாதம், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகள் பத்து மாதப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். அக்கா இப்போது இல்லை. அதனால் அவளுக்குத் தாய் வீடு என்றால் என் வீடுதான். எனக்குக் குழந்தை கிடையாது.

வந்த குழந்தைக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியவில்லை. பொழுது விடிந்தால் தூங்கினாள். நாங்கள் விளக்கை அணைத்தால் எழுந்து விளையாடினாள். அக்கா மகளுக்கோ தூக்கம் கெட்டுக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்த வார வெள்ளிக்கிழமை அவள் விசா விஷயமாகச் சென்னைக்குப் போயாக வேண்டும். ஒரு ராத்திரி குழந்தை என்னிடம் இருக்க வேண்டும். குழந்தை தூங்காவிட்டால் அவளால் போக முடியாது. போகாவிட்டால் வேலைக்கே திரும்ப முடியாது.

"சித்தி, மத்தியானம் மட்டும் இவள தூங்க வுடாம பாத்துக்கோ. வெளிச்சத்துல வெச்சிரு. சாயந்திரம் குளிப்பாட்டி, ஒரே பாட்டு பாடி, இருட்டுல படுக்க வெச்சா ராத்திரி தானா தூங்குவா" என்றாள்.

தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்றுதான் நான் கேட்டு வளர்ந்தேன். ஆனாலும் சரி என்றேன். எங்கள் ஓட்டு வீட்டுக்குள் நடுப்பகலிலும் இருட்டு. உள்ளே இருந்தால் கண் சொருகிவிடும். வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டம்.

இளவயதில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் மடியிலிருந்த குழந்தையை ஒருத்தி வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அன்றிலிருந்து குழந்தையோடு யாராவது வந்தால் உள்ளே போய்விடுவேன். தெருவில் ஓரமாகத்தான் நடப்பேன்.

அன்று இடுப்பில் குழந்தையோடு இறங்கினேன். தெருமுனை வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கொட்டை நீக்கச் சுத்தியலால் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பெத்தவ எங்க? நீ எதுக்கு இந்த வெயில்ல தூக்கிட்டுத் திரியற?" என்றாள் அவர்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி.

திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் குழந்தையின் தலை என் தோளில் சாய்ந்தது. இப்போது தூங்கினால் ராத்திரி போச்சு. எனக்கே தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "இவள தூங்க வுடக்கூடாதுங்க. நிறுத்தாம தட்டுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தை இருக்கிற அமெரிக்காவில் இப்போது நடுராத்திரி, அதனால்தான் இப்படி என்று விளக்கினேன். அந்தத் துடுக்குக்காரி சுத்தியலை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரும் பகல்ல தூங்கி ராத்திரில சுத்தறாரு. அவரு எந்த நாட்டுல இருந்து வந்தாரோ."

சிரிப்பு அடங்கவே நேரமானது. டொக் டொக்கென்று சத்தம் எழும்ப, குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். ஓட்டோடு ஒரு புளியம்பழத்தைக் கையில் கொடுத்தார்கள். பொழுது சாயும் வரை அதை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தினமும் போனோம். எனக்கென்று சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். குழந்தை கண்ணை மூடினால், "ஏய், அமெரிக்கா, எந்திரிடி" என்று நாலு பேர் குரல் கொடுப்பார்கள். ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா மகள் பஸ் ஏறினாள். அவளை அனுப்பிவிட்டு மரத்தடிக்குப் போனேன். துடுக்குக்காரியின் பேரன் அவள் முந்தானையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தான். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, என் கையெல்லாம் புளி. இவனையும் உன் மடியில வெச்சுக்கோ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இரண்டு குழந்தைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஊரில் ஒருத்தி தானாகத் தன் வீட்டுக் குழந்தையை என் மடியில் விட்டது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரி எங்கள் குழந்தை ஒரு முறை சிணுங்கினாள். விளக்குப் போடாமல் தட்டிக்கொடுத்து அதே பாட்டைப் பாடினேன். விடியும் வரை தூங்கினாள். போன வேலை நல்லபடியாக முடிந்ததென்று மறுநாள் அக்கா மகள் போன் செய்தாள். ஆனால் முதலில் கேட்டது, "தூங்குனாளா சித்தி?" என்றுதான்.

"தூங்குனா. நானும் தூங்குனேன்" என்றேன்.

இந்த வருடமும் புளி வந்துவிட்டது. கையில் வேலையிருக்கிறவர்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போகிறார்கள். அந்தக் குழந்தை அவள் ஊர் நேரத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான்தான் என் பழைய இருட்டுக்குத் திரும்பவே இல்லை.