காலியிடம்

முதலில் கண்ணில் பட்டது அவள் அல்ல, அவள் செய்த சுவரொட்டி. கல்லூரி அறிவிப்புப் பலகையில் பெரிய மஞ்சள் தாள், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. வெறுந்தாள் என்று நினைத்த விடுதிக் காப்பாளர், 'நாளை தண்ணீர் வராது' என்று நடுவில் எழுதிவைத்துவிட்டார். அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்து ஒருத்தி நின்றிருந்தாள்.

"அது என்னோட டிசைன் சார்!"

"எதும்மா? எல்லாம் காலியாத்தானே இருந்துச்சு?"

"அந்தக் காலிதான் சார் டிசைன்!"

அன்றே வகுப்பில் அவளுக்குக் 'காலியிடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எங்களில் பலர் வாயைத் திறக்கவே கூசிய முதல் வருடத்தில், அவள் மட்டும் டிசைன் தொழிலைப் பற்றித் தீர்ப்புகள் வழங்கிக்கொண்டிருந்தாள். "கஸ்டமர் சொல்றத எல்லாம் போட்டா அதுக்குப் பேரு டிசைன் இல்ல, மூட்டை கட்டறது" என்பாள்.

கடைசி வருடம் ஒரு ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். மை வாசனை, ஓயாமல் இரையும் இயந்திரம், மூலையில் ஒரு கணினி. முதலாளி சுற்றி வளைத்துப் பேசாத மனிதர். "தனியா ஒரு போர்டு பண்ணு. நல்லா வந்தா படிப்பு முடிஞ்சதும் இங்கயே வேலை. இல்லன்னா டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

அந்த ஒரு போர்டுக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. அத்தை புதிதாகத் தையல் கடை திறக்கப்போகிறாள். அவளுக்குப் போர்டில் கத்தரிக்கோல் வேண்டும், ரோஜாப்பூ வேண்டும், கவுன் போட்ட குழந்தை வேண்டும்.

"ஏண்டி, அவ்வளவு பெரிய போர்டுல எறும்பு ஊர்ற மாதிரி மூணே வார்த்தையா?"

"கண்ணு மூச்சு விடணும் அத்தை."

"மூச்சு விடறதுக்கு மூக்கு இருக்கு. கண்ணுக்கு நீ ரோஜாப்பூ வை."

காலியிடம் மசியவில்லை. முழுக்க நீலம், வலது ஓரத்தில் மெல்லிய வெள்ளை எழுத்தில் கடையின் பெயர். கணினித் திரையில் பார்த்து அவளே சொக்கிப்போனாள்.

கடை திறந்த மறுநாள் முதலாளியோடு போய் எதிர்ச்சாரிப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். கடை வாசலில் ஒரு மின்கம்பம், அதன் இடுப்பில் அகலமான இரும்புப் பெட்டி. கடையின் பெயர் மொத்தமும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த நீலம் மட்டும் தெருவுக்கே பளிச்சென்று தெரிந்தது.

உள்ளே அத்தை சாமியாடிக்கொண்டிருந்தாள். "வா மகராசி! காலையில ஒருத்தன் வந்தான். தைக்கத் துணி கொண்டுவந்திருக்கான்னு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். 'போர்டு காலியா இருக்கே, என் டியூஷன் விளம்பரத்துக்கு வாடகைக்கு விடறீங்களா'ங்கறான்!"

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும், "எடத்தைப் போய்ப் பாத்தியா?" என்றார்.

"இல்ல சார்." வேலை கைநழுவிவிட்டது என்றே நினைத்தாள்.

"இன்னொரு தடவை அடிச்சுப் பாக்கலாம். அதோட சரி."

அவள் எதிர்வாதம் செய்யாத முதல் நாள் அது. சாலையைக் கடந்து நிறுத்தத்திலேயே நின்றாள். நடந்து வருகிறவர் கண்ணுக்கு எது தெரிகிறது, பேருந்து ஜன்னலிலிருந்து எது மறைகிறது என்று இங்கும் அங்கும் போய்ப் படமெடுத்துத் தள்ளினாள். இரண்டு பேருந்துகள் அவளுக்காக நின்று, திட்டிவிட்டுப் போயின.

புதுப் போர்டில் கடையின் பெயர் இடப்பக்கம் போய்த் தடித்த எழுத்தில் உட்கார்ந்தது. அத்தைக்காக ஒரே ஒரு கத்தரிக்கோல். ரோஜாவும் குழந்தையும் கிடையாது.

எதிர்ச்சாரியில் நின்று அத்தை எழுத்துக்கூட்டாமல் படித்தாள். "இப்பதான் கடை மாதிரி இருக்கு. அந்த வலப்பக்கம் மட்டும் ஏண்டி காலியா விட்டே?"

"அது கம்பத்துக்கு விட்டது அத்தை."

மறுநாள் முதலாளி அச்சகத்துச் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் மேசைமேல் வைத்தார்.

இப்போது அவள் அங்கே வடிவமைப்பாளர். போர்டு வேலை வந்தால் முதலில் எதிர்ச்சாரியில் போய் நிற்கிறாள், பிறகுதான் கணினியைத் திறக்கிறாள். ரோஜாப்பூ கேட்பவர்களோடு இன்னமும் சண்டை போடுகிறாள்.