நிமிர்ந்த தோள், சாய்ஞ்ச பல்லக்கு

ஜிம் மாஸ்டர் தொழில்ல இருக்கிறவங்க வாயில எப்பவும் ஒரே வார்த்தைதான்: 'நிமிருங்க'. அந்த வார்த்தையாலதான் அன்னைக்கு நடுத்தெருவுல என் மானமே போச்சு.

ஒத்திகை

மயிலாப்பூர்ல எங்க ஜிம்முக்குப் பின்தெருவுல ஒரு சின்னக் கோயில். திருவிழாவுக்கு முன்னாடி பல்லக்குத் தூக்கறவங்க ஒத்திகை பாப்பாங்க, சாமிக்குப் பதிலா மணல் மூட்டை வெச்சு. முன்பக்கம் இடது தண்டுல என்கிட்ட பயிற்சிக்கு வர்ற சேகர் அண்ணன். வலது தண்டுல அவர் சம்சாரத்தோட தம்பி ஏழுமலை. நான் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கிறேன். பின்னே? மாசக்கணக்கா அவர் கூனலை நிமிர்த்தினது நானாச்சே!

தூக்கினாங்க. சேகர் அண்ணன் ஜம்முனு நிமிர்ந்தார். அவர் பக்கத் தண்டும் கூடவே மேல போச்சு. மூட்டை சரசரன்னு சரிஞ்சு ஏழுமலை பக்கம் வந்துடுச்சு. இத்தனை வருஷமா ரெண்டு பேரும் ஒரே அளவு குனிஞ்சு தூக்கினதாலதான் பல்லக்கு மட்டமா இருந்திருக்கு. அது எனக்கு எப்படித் தெரியும்? ஏழுமலை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு: "யோவ் மாமா, நிமிராதய்யா! சாமி என் மடில வந்து குந்திக்கும்!"

தோளு போதும்

சேகர் அண்ணன் ஆட்டோ ஓட்டறவர். போன வருஷத் திருவிழால பூக்கடை முனைகிட்ட வரும்போது தோள் பிடிச்சு, கை மரத்துப்போய், தண்டை இன்னொருத்தர்கிட்ட மாத்திட்டு வெளிய வந்துட்டார். அந்தப் பூக்கடை அவர் சம்சாரம் காஞ்சனா அக்காவோடது. அவங்க கண்ணு முன்னாடியே நடந்துடுச்சு. இந்த வருஷமும் முடியலைன்னா முன்தண்டு வேற ஆளுக்குன்னு குழுத் தலைவர் சொல்லிட்டார்.

டாக்டர் பாத்துட்டு, 'எக்சர்சைஸ் பண்ணுங்க, சரியாகும்'னு சொன்னதும் எங்க ஜிம்முக்கு வந்தார். செவுத்துல மொறைச்சுக்கிட்டு நிக்கிற பயில்வான் போஸ்டரை மேலயும் கீழயும் பாத்தார். "இந்த மாறிலாம் வாணாம் மாஸ்டரம்மா. முன்தண்டுக்கு ஒரு தோளு குடு, அது போதும்."

(ஒரு நிமிஷம், ஆறு மணி பேட்ச் வந்துட்டாங்க... சரி, வந்துட்டேன். எங்க விட்டேன்?)

ரெஸ்ட்

ஆங், தோளு கேட்டு வந்தார்ல! டம்பெல்லைக் கொடுத்தா கூச்சப்பட்டார். சரி, தெரிஞ்ச பொருளாவே இருக்கட்டும்னு அரை கேன் தண்ணிய கைல கொடுத்து நடக்க வெச்சேன். முதல்ல வலக்கை, அப்புறம் இடக்கை. வருஷக்கணக்கா இடது தோள்லயே தூக்கி, உடம்பே அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. முதுகுத் தசையை எழுப்பினாத்தான் தோளுக்குப் பாரம் குறையும். கொஞ்சம் கொஞ்சமா கையைத் தலைக்கு மேல தூக்க ஆரம்பிச்சார். எனக்குக் கத்தணும்போல இருந்துச்சு. கத்தியும்விட்டேன்.

அந்த சந்தோஷத்துல மனுஷன் வீட்ல முழு கேனைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்கார். மறுநாள் தோள் வீங்கிப்போய் வந்து நிக்கிறார். ஒரு வாரம் எதுவும் தூக்கக் கூடாதுன்னு சொன்னேன். முகம் தொங்கிப்போச்சு. பக்கத்துல முழங்காலுக்கு நாற்காலில உக்காந்து எழுந்துக்கிட்டிருந்த பத்மா மாமி மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாங்க: "சுவாமியே திருவிழாவுக்குத்தான் வெளில வரார். பாக்கி நாளெல்லாம் உள்ள ரெஸ்ட்தானே எடுத்துக்கறார்? உனக்கு மட்டும் என்னப்பா அவசரம்?"

மச்சான்

ஒத்திகை சொதப்பினதும் தலைவர் தீர்ப்பு சொல்லிட்டார்: ஒண்ணு, பழைய மாதிரி குனி. இல்லைன்னா பின்னாடி போ. குனிஞ்சா தோள் மறுபடி பிடிச்சுக்கும். பின்னாடி போனா முன்தண்டு போச்சு. ஏழுமலை தோள்ல துண்டைத் தலகாணி மாதிரி மடிச்சு வெச்சுப் பாத்தாங்க. ரெண்டு எட்டு வைக்கறதுக்குள்ள வழுக்கி விழுந்துடுச்சு. சேகர் அண்ணன் ஆட்டோவுல போய் உக்காந்துட்டார்.

ஒரே வழிதான் பாக்கி. ஏழுமலையும் நிமிரணும். அவர் பெயிண்டர், நல்ல திடகாத்திரம். 'எனக்கு இன்னா நோவு கீது?'ன்னு வரவே மாட்டேன்னுட்டார். மறுநாள் காலைல காஞ்சனா அக்கா, ஒரு கைல பூக்கூடை, இன்னொரு கைல தம்பி சட்டைக் காலர்னு படியேறி வந்தாங்க. "இவனையும் நிமுத்துமா. எம்புருசன் திரும்ப குனிய வாணாம்." செவுத்துல முதுகு ஒட்டி நின்னு கையை மேல தூக்கச் சொன்னேன். ஏழுமலை திணறிட்டார். "இன்னாமே இது? செவுத்தைப் பாத்துகினு நின்னே பொழப்பு ஓடுது, அதுக்குப் போய் முதுக காட்ட சொல்றியே!"

பூக்கடை முனை

ஏழுமலை முழுசா நிமிரலை. இருந்த நாள்ல அது ஆகற காரியமும் இல்லை. ஆனா ரெண்டு தோளுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் துண்டோட ஒரு மடிப்புக்கு வந்துடுச்சு. ஒரு மடிப்பு வழுக்காது!

திருவிழாக் காலைல ரெண்டு பேரையும் கோயில் மதில் ஓரமா தோளைச் சுத்தச் சொல்லி, உடம்பு சூடானப்புறம்தான் தண்டுகிட்டயே விட்டேன். அப்புறம் பூக்கடைக்கு ஓடினேன். நாயனச் சத்தம் கிட்ட வந்துச்சு. காஞ்சனா அக்கா பூ கட்டறதை நிறுத்திட்டாங்க. போன வருஷம் அவர் வெளிய வந்த அதே இடம். பல்லக்கு வந்துச்சு, மட்டமா. நிக்கலை. அந்த இடத்தைத் தாண்டிப் போயிடுச்சு. சேகர் அண்ணன் எங்க பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராப் பாத்துக்கிட்டே போனார்.

காஞ்சனா அக்கா நிறுத்தின பூவை மறுபடி கட்ட ஆரம்பிச்சாங்க. "எப்பவும் தலைய தொங்கப் போட்டுகினுதான் போவாரு, மாஸ்டரம்மா. சாமி தூக்கறப்போ அவரு மூஞ்சி எப்டி இருக்கும்னு இன்னிக்குதான் பாத்தேன்."

எங்க தொழில்ல ஒருத்தரை நிமிர்த்தினா பக்கத்து ஆளையும் நிமிர்த்தித்தான் ஆகணும்போல, அந்தப் பக்கத்து ஆள் இப்போ தினமும் எனக்கு முன்னாடியே ஜிம் வாசல்ல வந்து நின்னு 'இன்னா மாஸ்டரம்மா, லேட்டு?'ன்னு என்னையே மிரட்டறார்.